ராஜாபஜாரில் ஒரு சைக்ளோட்ரான் இருந்தது

பிப்ரவரி 11, புதன் – ஹவுராவுக்கு வந்து சேர்ந்த கதை

கொல்கத்தா போகிறோம் என்று சொன்னதும் காளிகாட்டா, தட்சிணேஸ்வரமா, சுந்தரவனத்தில் புலி பார்க்கவா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1940களில் மேகநாத் சாகா என்ற இயற்பியலாளர் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியை (அணுத் துகள்களை வேகமேற்றும் இயந்திரம்) கட்ட ஆரம்பித்தாரே, அந்த இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்றேன். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் பாடம் நடத்துகிறவன், எனக்கு இது நீண்ட நாள் ஆசை. கூட வந்த மச்சானுக்கு இயற்பியலில் ஆர்வம் கிடையாது. கோயம்புத்தூரில் வேக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் பம்ப்) சர்வீஸ் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான், மீன் சாப்பாட்டுக்காக வந்தவன். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்குப் புரியாத பாதியை அவன்தான் புரிய வைத்தான், அது பின்னால் வரும்.

வண்டியில் எதிர் சீட்டில் ஒரு வங்காளக் குடும்பம். வேலூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள். ஒரிசா தாண்டியதும் அந்த அம்மா ஒரு டப்பாவைத் திறந்து பொரியில் கடுகெண்ணெய், பச்சை மிளகாய், வெங்காயம் போட்டுக் கலந்து, எங்களிடம் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். முதல் வாய் கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது, மூன்றாவது வாயில் பழகிவிட்டது. எதற்காக வருகிறீர்கள் என்று அவர் கணவர் ஹிந்தியில் கேட்க, மேகநாத் சாகா என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். டாக்கா பக்கம் ஒரு கிராமத்துப் பெட்டிக்கடைக்காரர் மகன், 1905 வாக்கில் கவர்னர் வருகையை எதிர்த்துப் பள்ளியில் நடந்த போராட்டத்தில் சேர்ந்ததால் உதவித்தொகை பறிபோனது, நட்சத்திரங்களின் வெப்பத்தைக் கணக்கிடச் சமன்பாடு கண்டுபிடித்தது, அப்புறம் சுயேச்சையாக நின்று எம்.பி. ஆனது வரை எல்லாம் சொன்னார். துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவராம். நம்மூர் ரயிலில் இப்படி ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை ஒப்பிக்கிற கணக்கப்பிள்ளையைப் பார்க்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

சியால்தா பக்கம் லாட்ஜ். 1,400 ரூபாய் வாடகை, படத்தில் இருந்த கீசர் சுவரிலும் இருந்தது, ஆனால் ஓடவில்லை. ஒரு வாளி வெந்நீருக்கு 20 ரூபாய் தனி. காலையில் நல்ல குளிர், நம்மூர் மார்கழியைவிட ஒரு பிடி கூடுதல். மச்சான் கீசரின் மூடியைக் கழற்றிப் பார்த்து, "காயில் போயிடுச்சுங்க மாமா, 300 ரூபாய் சமாச்சாரம்" என்றான். மூடியைத் திரும்ப மாட்ட வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன் – பௌபஜார், காலேஜ் ஸ்ட்ரீட்

சாகாவிடம் போவதற்கு முன் நம்ம ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று முதலில் பௌபஜார் 210ஆம் எண்ணைத் தேடிப் போனோம். இப்போது அந்தத் தெருவுக்கு பிபின் பிகாரி கங்குலி தெரு என்று பெயர். இங்கேதான் சி.வி. ராமன் 1907இல் நிதித்துறை அதிகாரியாக வந்த புதிதில், ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் போய் வேலை பார்த்தார். அவரும் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவைக் கண்டதும் இதே முகவரியில்தான். அந்தச் சங்கம் பின்னாளில் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்தது. இன்று 210ஆம் எண்ணில் இருப்பது ஒரு வணிகவியல் கல்லூரி. கணக்கு அதிகாரி வந்து இயற்பியலாளர் ஆன இடத்தில் இப்போது பிள்ளைகள் கணக்கியல் படிக்கிறார்கள். இதை மச்சானிடம் சொன்னேன், அவன் பக்கத்து நகைக்கடையில் கருவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ராமனுக்கும் என் சைக்ளோட்ரானுக்கும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் தன் சொத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தபோது, அந்தப் பணத்தில் வரும் பேராசிரியர் பதவி இந்தியருக்குத்தான் என்று நிபந்தனை போட்டார். 1917இல் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் ராமன். அதே பாலித் நாற்காலிக்கு 1938இல் வந்தவர் மேகநாத் சாகா. வந்ததும் அணுக்கரு இயற்பியல், சைக்ளோட்ரான் என்று ஆரம்பித்துவிட்டார்.

மதியம் காலேஜ் ஸ்ட்ரீட். பழைய புத்தகக் கடைகள் தெரு நீளத்துக்கு. விலை கேட்டால் அட்டையைத் தட்டிப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். 350 சொன்ன அணுக்கரு இயற்பியல் பாடப்புத்தகம் ஒன்றை 120க்கு முடித்தேன், அதிலும் கடைசி இரண்டு அத்தியாயத்தைக் கரையான் தின்றிருந்தது. காபி ஹவுஸில் பால் இல்லாத கருப்புக் காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர், நம்ம ஃபில்டர் காபியோடு அதைப் பேசவே கூடாது. ஆனால் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் தலைப்பாகை கட்டிய பரிமாறுநர் முகம் சுளிப்பதில்லை. அந்த மரியாதைக்கே காசு கொடுக்கலாம்.

பிறகு பாரமவுண்ட் என்ற சர்பத் கடை. 1918இல் ஆரம்பித்தது. இளநீரும் வழுக்கையும் போட்ட டாப் சர்பத்துதான் இங்கே பிரசித்தம். அதன் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் என்று ஊரே சொல்கிறது. சாகாவுக்கும் சத்யேந்திரநாத் போஸுக்கும் வாத்தியார் அவர். 100 ரூபாய்க்குச் சற்றுக் கூட ஆனது. மச்சான் இரண்டு குடித்தான். வாத்தியார் கொடுத்த செய்முறையில் இவ்வளவு ருசியான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி – ராஜாபஜார் சயின்ஸ் காலேஜ்

92, ஆச்சார்ய பிரபுல்ல சந்திர சாலை. காலை எட்டு மணிக்கே தெருவில் தூசியும் ஹாரனும். வெளியே ஒரு கடையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், ஒரு தட்டு 40 ரூபாய். மண் குவளையில் டீ 10 ரூபாய், குடித்துவிட்டுக் குவளையைப் போட்டு உடைக்க வேண்டும். மச்சானுக்கு உடைக்க மனசு வரவில்லை, நன்றாகக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டான்.

வாசலில் காவலாளி யார், எங்கே, என்ன வேலை என்று வங்காளத்தில் கேட்டார். என் ஹிந்திக்கு அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பக்கம் போன ஒரு மாணவி நின்று விசாரித்து, "ஸ்கூல் டீச்சர், சென்னைப் பக்கத்திலிருந்து சாகா சார் இடத்தைப் பார்க்க வந்திருக்கார்" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். உடனே மனிதர் எழுந்து நின்று கைகாட்டி வழிவிட்டார், பெயர்கூட எழுதச் சொல்லவில்லை. வளாகத்தைச் சுற்றிப் பார்த்தோம், வகுப்பு நடக்கிற இடத்துக்குள் போய்த் தொந்தரவு செய்யவில்லை. 1914இல் ஆசுதோஷ் முகர்ஜி துணைவேந்தராக இருந்தபோது எழும்பிய கல்லூரி. பழைய கட்டடம், உயரமான ஜன்னல், வராந்தாவில் புறா. பி.சி. ராய் கடைசிவரை இங்கேயே ஓர் அறையில் குடியிருந்து, 1944இல் இங்கேயே இறந்தார். ஒட்டினாற்போல ஜகதீஷ் சந்திர போஸின் ஆய்வு நிறுவனம். நூறு மீட்டர் சாலைக்குள் இத்தனை பேர்.

சரி, சைக்ளோட்ரான். தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு தட்டையான உலோக வட்டப் பெட்டி, அதிலிருந்து காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். உள்ளே ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இரண்டு குழிவான மின்முனைகள், நடுவே சின்ன இடைவெளி. மேலும் கீழும் பிரம்மாண்டமான மின்காந்தம். நடுவில் புரோட்டானை விட்டால் காந்தப்புலம் அதை வட்டமாக வளைக்கும், இடைவெளியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் மின்னழுத்தம் ஓர் உந்து கொடுக்கும். ஸ்ரீரங்கத்தில் உள் பிரகாரத்திலிருந்து வெளிப் பிரகாரத்துக்குப் போகப் போகச் சுற்று பெரிதாகும், ஆனால் அதே அளவுக்கு நடையும் வேகமானால் எந்தப் பிரகாரத்தைச் சுற்றவும் ஒரே நேரம்தானே ஆகும்? புரோட்டானும் அப்படியேதான். அதனால் உந்துகிற மின்னழுத்தத்தின் தாளத்தை மாற்றவே தேவையில்லை. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் கலிபோர்னியாவின் பர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ், லிவிங்ஸ்டன் என்ற மாணவரோடு சேர்ந்து, பித்தளையும் அரக்கும் வைத்து உள்ளங்கை அகலத்தில் ஒன்றைச் செய்து 1931 ஜனவரியில் 80,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டினார். அதுவும் ஒரு பல்கலைக்கழகம்தான். எட்டு வருஷத்தில் 60 அங்குல இயந்திரம், 1939இல் நோபல்.

சாகா 1936-37 வெளிநாட்டுப் பயணத்தில் லாரன்ஸின் கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். தன் மாணவர் பி.டி. நாக் சௌத்ரியை 1938இல் பர்க்லிக்கு அனுப்பினார். அவர் லாரன்ஸிடமே ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு 1941இல் திரும்பினார். பணத்துக்கு டாட்டா அறக்கட்டளை உதவியது, நேரு சிபாரிசு செய்தார். திட்டம் 38 அங்குல இயந்திரம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். பர்க்லியின் 37 அங்குலத்தின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்துக்கான சாமான்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. வேக்குவம் பம்புகள் வந்த கப்பலைப் போர்க்காலத்தில் ஜப்பானியர் மூழ்கடித்துவிட்டார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

நான் இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். 'அடடா, துரதிர்ஷ்டம்' என்று தாண்டிப் போயிருக்கிறேன். மச்சானிடம் அந்த வராந்தாவில் நின்று சொன்னபோது அவன் முகம் மாறிவிட்டது.

"பம்ப் இல்லைன்னா அப்புறம் என்னங்க இருக்கு மாமா? காந்தத்தை வச்சுக்கிட்டு இரும்புக் கடைதான் நடத்தணும்."

அப்புறம் அவன் பேசினான், நான் கேட்டேன். ரோட்டரி பம்ப் ஓரளவுக்குத்தான் காற்றை இழுக்கும். அதற்கு மேல் எண்ணெயைக் கொதிக்கவைத்து ஆவியைப் பீச்சி, மிச்சம் இருக்கிற மூலக்கூறுகளை அடித்துக் கீழே தள்ளுகிற டிஃப்யூஷன் பம்ப் வேண்டும், ஒன்றின் முதுகில் ஒன்று. உள்ளே காற்று மிச்சம் இருந்தால் புரோட்டான் நூற்றுக்கணக்கான சுற்றுச் சுற்றுவதற்குள் எதிலாவது மோதித் தொலைந்துபோகும். பம்ப் வந்தாலும் கதை முடியாது. இன்றைக்கு ஹீலியம் அடித்து ஓட்டை எங்கே என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறார்கள், அந்தக் காலத்தில் ஒவ்வொரு மூட்டிலும் ஸ்பிரிட்டைத் தடவிவிட்டு மீட்டர் முள் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். "எல்லாத்துக்கும் மேல இந்த ஊர்க் காத்தைப் பாருங்க, ஆனி ஆடியில எப்படி இருக்கும்? பெட்டியைத் திறந்து மூடினா உள்சுவர் பூரா தண்ணி ஒட்டிக்கும். அது விட்டு விட்டு ஆவியாகிக்கிட்டே இருக்கும், ஓட்டையே இல்லாம முள் இறங்காது. நான் மங்களூர்ல ஒரு கம்பெனில நாலு நாள் அதோட மல்லுக்கட்டியிருக்கேன்." புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த பம்ப், அவன் சொல்லச் சொல்ல வருஷக்கணக்காக நீண்டது.

அந்த வருஷங்களில் இந்த ஊரில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1942 டிசம்பரில் கல்கத்தாமேல் ஜப்பான் குண்டு. 1943இல் பஞ்சம், தெருவெல்லாம் பிணம். 1946இல் கலவரம். 1947இல் பிரிவினை, சாகாவின் சொந்த ஊர் இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டது, அகதிகள் சியால்தா ஸ்டேஷனை நிறைத்தார்கள், அந்த ஸ்டேஷன் இங்கிருந்து நடக்கிற தூரம். இதற்கு நடுவில் ஒரு வாத்தியார் காந்தத்துக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறார். 1940லேயே எம்.எஸ்சி. பாடத்தில் அணுக்கரு இயற்பியலைச் சேர்த்துவிட்டார். இந்தியாவின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை நிரஜ்நாத் தாஸ் குப்தா இதே கூட்டத்தில் இருந்துதான் செய்தார். 1948 ஏப்ரலில் சாகா தொடங்கிய அணுக்கரு இயற்பியல் நிறுவனத்துக்கு சியாமா பிரசாத் முகர்ஜி அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரி 11இல் மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி வந்து திறந்துவைத்தார். சைக்ளோட்ரான் ஒரு வழிக்கு வந்தது அதற்கும் பிறகு. அதன் ஆற்றல் சில மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். 1954இல் பர்க்லியில் ஓட ஆரம்பித்த பெவட்ரான் என்ற முடுக்கியோ 6 பில்லியனுக்கு மேல்.

இங்கேதான் பலரும் சாகாவின் இயந்திரத்தைத் தோல்விக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. கண்டுபிடிப்புப் பட்டியலில் அது பெரிதாக எதையும் சேர்க்கவில்லை, உண்மை. ஆனால் காந்தம் வார்த்து, ரேடியோ அலை எழுப்பி, வேக்குவம் பிடித்து, ஓட்டை தேடிப் பழகிய ஒரு தலைமுறை இந்தக் கட்டடத்திலிருந்துதான் வெளியே போனது. அவர்கள் எங்கே போனார்கள் என்பதைத் திங்கட்கிழமை சால்ட் லேக்கில் எழுதுகிறேன்.

வெளியே வந்து தெருவோரம் புச்கா சாப்பிட்டோம். நம்மூர் பானிபூரிதான், ஆனால் உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து, புளித்தண்ணீர் கண்ணில் நீர் வரவைக்கும். 20 ரூபாய்க்கு ஆறு, முடிந்ததும் ஒன்று இனாம்.

பிப்ரவரி 14, சனி – லாட்ஜ்

இனாமாக வந்த ஏழாவதுதான் வேலையைக் காட்டியது என்பது மச்சானின் கணிப்பு. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ராத்திரி முழுக்க ஓட்டம். லாட்ஜ் பையன், பதினெட்டு வயதுகூட இருக்காது, தானாகவே போய் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் வாழைப்பழமும் வாங்கி வந்தான், மீதிச் சில்லறையைக் கையில் எண்ணி வைத்தான். டிப்ஸ் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறான். கீசருக்காக அந்த லாட்ஜைத் திட்டி எழுத வைத்திருந்த வரிகளைப் பாதியாக வெட்டிவிட்டேன்.

படுத்துக்கொண்டே கரையான் தின்ற புத்தகத்தைப் படித்தேன். மச்சான் ஹிலிசா மீன் தேடிப் போய், பருவம் இல்லை என்று திரும்பி வந்து, பெட்கி மீன் சாப்பிட்டேன், 280 ரூபாய், தேவலை என்றான். கையில் நொலேன் குட் சந்தேஷ், பனிக்காலத்துப் புது ஈச்ச வெல்லத்தில் செய்த இனிப்பு. என் நிலைமையில் அதை முகர்ந்து பார்க்கத்தான் முடிந்தது.

பிப்ரவரி 15, ஞாயிறு – லேக் மார்க்கெட்

சிவராத்திரி. பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி விடியலிலேயே எழுப்பிவிட்டது. வயிறு அடங்கியதால் தெற்கே லேக் மார்க்கெட் போனோம், நம்ம ஆட்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி. வாழை இலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், காபித்தூள், எல்லாம் கடை வாசலில். ஒரு மெஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டபோது உயிர் வந்தது.

அடுத்த மேசையில் எழுபது வயதுக்கு மேலான ஒரு பெரியவர், கும்பகோணம் பூர்வீகம், பிறந்தது இங்கேயே, தமிழில் வங்காள ராகம். என்ன ஊர், எங்கே வந்தீர்கள் என்று ஆரம்பித்து, விஷயத்தைக் கேட்டதும், "நீங்க சாகா கட்சியா, பாபா கட்சியா?" என்றார். இந்த ஊரில் இப்படி ஒரு கட்சி இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம். 1948இல் அணுசக்தி ஆணையம் அமைத்தபோது சாகா எதிர்த்தார். முதலில் பல்கலைக்கழகங்களில் ஆட்களை உருவாக்குங்கள், தொழில் அடித்தளம் வரட்டும், ரகசியக் கோட்டைகள் அப்புறம் என்பது அவர் வாதம். ஹோமி பாபா அதன் தலைவரானார், பம்பாயில் எல்லாம் வளர்ந்தது, பணமும் அங்கே போனது. பெரியவர் பாபா கட்சி: "பத்துப் பல்கலைக்கழகத்துக்குப் பிரிச்சுக் கொடுத்திருந்தா பத்து இடத்துலயும் அரைகுறையா நின்னிருக்கும். உங்க ராஜாபஜார் மெஷினே சாட்சி." பதில் சொல்லத் திணறினேன். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் பள்ளியில் இயற்பியல் எடுத்த பிள்ளைகள் கல்லூரியில் மூன்று வருஷமும் பழுதான கருவியில் ரீடிங் எழுதி வருவதைப் பார்க்கிறவன் நான், முழுசாக அந்தப் பக்கம் சாய முடியவில்லை. என் தயிர்சாதத்துக்கும் சேர்த்து அவரே பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 16, திங்கள் – சால்ட் லேக்

இன்று சாகாவின் நினைவு நாள். 1956இல் இதே தேதியில் டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பில் விழுந்தார், எழுபது வருஷம் ஆகிறது. அவர் தொடங்கிய நிறுவனம் இப்போது அவர் பெயரிலேயே சால்ட் லேக்கில் இருக்கிறது, அணுசக்தித் துறையின்கீழ். உல்டாடாங்காவிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தோம். முன் சீட்டில் டிரைவரின் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், பாதி உடம்பு வெளியே. சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய ஊர், யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் ஒருவர் போட்ட வரைபடம். மரம், அமைதி, எண்களும் எழுத்துகளுமாகத் தெருக்கள், எந்த மூலையில் நின்றாலும் ஒரே மாதிரி. அரை மணி நேரம் சுற்றியதே சுற்றினோம்.

1/ஏ.எஃப். என்ற முகவரியில் சாகா நிறுவனமும் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் அருகருகே. உள்ளே போக முன் அனுமதி வேண்டும் என்பது தெரிந்ததுதான், மதிலைப் பார்க்கவே வந்தோம். உள்ளே இருப்பது 224 சென்டிமீட்டர் இயந்திரம், பர்க்லியின் 88 அங்குல சைக்ளோட்ரானை முன்மாதிரியாக வைத்து இந்தியத் தொழிற்சாலைகளில் செய்தது, 1977 ஜூன் 16இல் முதல் துகள் கற்றை வந்தது. பக்கத்திலேயே திரவ ஹீலியத்தில் குளிர்வித்த மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத கம்பி) காந்தத்தோடு இன்னொன்று. ராஜாபஜாரின் 38 அங்குலத்திலிருந்து இங்கே நேரே அம்புக்குறி போடுவது அநியாயம், இதைக் கட்டியது அணுசக்தித் துறையின் பணமும் ஆட்களும். ஆனால் கொல்கத்தாவில் ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், சைக்ளோட்ரானைத் தொட்டுப் பழகியவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள் என்பது அதில் ஒரு காரணமாகவாவது இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். நாக் சௌத்ரியையே பாருங்கள், சாகாவுக்குப் பின் நிறுவனத்தை நடத்தி, பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகராகி, 1974 பொக்ரான் சோதனையின்போது அந்தப் பொறுப்பில் இருந்து, அப்புறம் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஓட்டை தேடி ஸ்பிரிட் தடவிய ஆள்.

பல்கலைக்கழகங்களுக்கென்றே ஒரு முடுக்கி வேண்டும் என்ற பேச்சும் சாகாவோடு போய்விடவில்லை. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு டெல்லியில் ஒரு மையம் ஆரம்பித்தது, இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து அங்கே பெல்லட்ரான் என்ற முடுக்கி ஓடுகிறது, எந்த ஊர்க் கல்லூரி ஆராய்ச்சி மாணவரும் திட்டம் எழுதிக் கற்றை நேரம் கேட்கலாம். எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவாக ஒன்று. நேற்றைய பெரியவருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அங்கே நாக்கில் வரவில்லை.

மதில் ஓரம் நாங்கள் நின்றதைப் பார்த்து ஒரு காவலர் வந்தார். போட்டோ எடுக்கக் கூடாது என்றார், எடுக்கவில்லை என்று போனைக் காட்டினோம். டீக்கடை எங்கே என்று கேட்டதற்கு வளைவு வரை கூடவே நடந்து வந்து காட்டினார். டீ குடித்துக்கொண்டே மச்சான், அவர்களுக்கு உள்ளே எத்தனை டிஃப்யூஷன் பம்ப் இருக்கும், யார் சர்வீஸ் பார்ப்பார்கள், டெண்டர் ஆன்லைனில் வருமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாது மாப்ள, போய் வலைத்தளத்தைப் பார் என்றேன். ராத்திரி வண்டியில் மேல் பெர்த்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், சந்தேஷ் பெட்டியை நடுவில் வைத்து இரண்டு பேருமாகப் பாலாசோர் வருவதற்குள் காலி செய்துவிட்டோம். வீட்டுக்கு என்று வாங்கியது.